தொலைநோக்கியில் ஒரு நிலா, விண்கலத்தில் ஒரு நிலா: இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முழு வழிகாட்டி

நிலாவில் பாலம் இருக்கிறது என்று ஒரு படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது வந்து விழும். இல்லை என்று நானும் சொல்வேன், யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனைக்கும் இது வாட்ஸ்அப் காலத்துக் கதையே இல்லை. 1953 ஜூலையில் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் பத்திரிகையின் அறிவியல் ஆசிரியர் ஜான் ஓநீல், மாரே கிரிசியம் சமவெளியின் மேற்குக் கரையில் பிரம்மாண்டமான இயற்கைப் பாலம் ஒன்றைத் தன் தொலைநோக்கியில் பார்த்ததாக அறிவித்தார். நிலா வரைபடங்களுக்குப் பேர் போன பிரிட்டன்காரர் வில்கின்ஸும் ஆமாம் என்றார். பிற்பாடு போன விண்கலங்கள் அந்த இடத்தைப் படம் எடுத்தன, பாலம் இல்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, சாயும் வெயிலில் நிழலும் வெளிச்சமும் சேர்ந்து அப்படித் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தின் தொலைநோக்கிப் படத்தையும் விண்கலப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை நிலாவில் இல்லை. வெயில் விழும் கோணம் ஒன்று, நாம் பார்க்கும் கோணம் ஒன்று, இந்த இரண்டும்தான் ஆட்டம் காட்டுகின்றன. அவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதுதான் வேலை. பினாங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் இருந்து 8 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நான் செய்வதும் அதுதான். தொலைநோக்கி இல்லாதவர்களும் செய்யலாம், கணினி போதும்.

படங்கள் எங்கே கிடைக்கும்

வானாய்வகப் படங்களுக்கு நான் முதலில் போவது 'கன்சாலிடேட்டட் லூனார் அட்லஸ்'. வானியலாளர் கெரார்டு கைப்பரும் அவர் குழுவும் 1967-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்து வெளியிட்டது. அரிசோனாவிலேயே இருக்கும் இரண்டு 61 அங்குலத் தொலைநோக்கிகளில் எடுத்த படங்கள்தான் அதன் முதுகெலும்பு. ஹூஸ்டனில் இருக்கும் லூனார் அண்ட் பிளானட்டரி இன்ஸ்டிடியூட் இதை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரே இடம் காலை வெயிலிலும் உச்சி வெயிலிலும் மாலை வெயிலிலும் இருக்கும், அதுதான் இதன் பெருமை.

விண்கலம் என்றால் எல்.ஆர்.ஓ., நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் கலம். 2009 ஜூனில் கிளம்பியது. அதன் அகலக் கேமரா பிக்சலுக்கு சுமார் 100 மீட்டர், குறுகிய கேமரா 50 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து எடுக்கும்போது பிக்சலுக்கு அரை மீட்டர். 'குயிக்மேப்' என்ற இணைய வரைபடத்தில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும், இறக்கிப் போராட வேண்டாம். பழசு வேண்டுமென்றால் 1966, 67-இல் போன ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்களின் படங்கள். இவை ஃபிலிமில் எடுத்து, கலத்துக்குள்ளேயே கழுவி, பட்டை பட்டையாக ஸ்கேன் செய்து பூமிக்கு அனுப்பியவை. அதனால் படம் முழுக்கக் கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வாய்க்கால் என்று சொல்லாதீர்கள், சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு சின்னது வரை தெரியும்

ஒரு டிகிரியை 3600 துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு கோண வினாடி. சராசரி தூரமான 3,84,400 கிலோமீட்டரில் இருக்கும் நிலாவில் ஒரு கோண வினாடி என்பது சுமார் 1.86 கிலோமீட்டர். இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 138-ஐ உங்கள் தொலைநோக்கிக் கண்ணாடியின் விட்டத்தால், மில்லிமீட்டரில், வகுத்தால் அது பிரித்துக் காட்டக்கூடிய கோண வினாடி வரும். என்னுடைய 200 மில்லிமீட்டருக்கு 0.69, அதாவது நிலாவில் கிட்டத்தட்ட 1.3 கிலோமீட்டர். 61 அங்குலக் கண்ணாடிக்குக் கணக்குப்படி 170 மீட்டர் வரை வர வேண்டும், ஆனால் காற்று விடாது. அரைக் கோண வினாடிக்குள் படம் நின்றாலே அந்தக் காலத்தில் அது நல்ல இரவு. இப்போது நாம் வீடியோவாக ஆயிரக்கணக்கில் ஃபிரேம் எடுத்து, கலங்காமல் நின்றவற்றை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் அடுக்குகிறோம், அவர்களிடம் அந்த வசதி கிடையாது.

இதில் இருந்து ஒரு விஷயம் தெளிவாகும். அப்போலோ இறங்கிய கலத்தைத் தொலைநோக்கியில் காட்டு என்று கேட்பவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. கால்களை விரித்து நின்றால் அது சுமார் 9 மீட்டர், அதாவது 0.005 கோண வினாடி. எல்.ஆர்.ஓ.வுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியாது, வகுத்தல் கணக்கு.

நேரமும் திதியும்

ஒப்பிடுவதில் பாதி வேலை இங்கேதான்.

ஆயிரம் மீட்டர் மலை ஒன்று. வெயில் 5 டிகிரி உயரத்தில் இருந்தால் அதன் நிழல் 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும், தொலைநோக்கியில் பளிச்சென்று தெரியும். வெயில் 45 டிகிரிக்கு ஏறிவிட்டால் அதே மலைக்கு ஒரே கிலோமீட்டர் நிழல், என் தொலைநோக்கிக்கு அது இல்லாத மாதிரிதான். இப்போது ஒரு பக்கம் காலை வெயில் படம், மறுபக்கம் உச்சி வெயில் படம் என்று வைத்துக்கொண்டு "விண்கலப் படத்தில் மலையை மறைத்துவிட்டார்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? 1994-இல் போன கிளமென்டைன் எடுத்த படங்கள் பெரும்பாலும் உச்சி வெயிலில் எடுத்தவை. மண்ணின் நிற வேறுபாட்டுக்கு அருமை, மேடு பள்ளம் பார்க்க உதவாது.

வெயில் எங்கே விழுகிறது என்பதைச் சொல்ல நிலாக்காரர்கள் கோலாஞ்சிடியூட் என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். வளர்பிறைப் பாதி நிலாவில் 0, பௌர்ணமியில் 90, தேய்பிறைப் பாதியில் 180, அமாவாசையில் 270. சூரியன் உதிக்கும் கோடு அந்த நேரத்தில் நிலாவின் எந்த மேற்கு நெடுங்கோட்டில் நிற்கிறது என்பதுதான் அந்த எண். பயமுறுத்துகிற பெயர்தான், ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் இது பாதி இருக்கிறது. ஒரு திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 டிகிரி. நிலாவின் பகலிரவுக் கோடும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 டிகிரிதான் நகர்கிறது. வளர்பிறை அஷ்டமியின் நடுவில் கோலாஞ்சிடியூட் ஏறக்குறைய 0, நவமியில் 12, தசமியில் 24, ஏகாதசியில் 36. நிலா லேசாகத் தலையாட்டுவதால், லைப்ரேஷன் என்பார்கள், இது சில டிகிரி முன்பின் ஆகும், அதிகம் போனால் 8. ஆனால் "இன்றைக்கு எதைப் பார்க்கலாம்" என்று தீர்மானிக்க நாள்காட்டி போதும். தைப்பூசத்தன்று எங்கள் பினாங்கின் தண்ணீர்மலையில் நின்று பார்த்தால் நிலா கொள்ளை அழகு, டைக்கோ என்ற பள்ளத்தில் இருந்து கிளம்பும் வெள்ளைக் கதிர்கள் துல்லியமாகத் தெரியும், மேடு பள்ளம் மட்டும் அன்று ஒன்றும் கிடைக்காது.

துல்லியமாக வேண்டுமென்றால் படம் எடுத்த நேரம் வேண்டும், உலக நேரத்தில். மலேசிய நேரத்தில் இருந்து 8 மணியைக் கழியுங்கள். நான் ஒரு தடவை கழிக்க மறந்துவிட்டு, என் படத்தில் இருட்டாக இருந்த இடமெல்லாம் கணினிப் படத்தில் வெயிலில் இருக்கிறதே என்று இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொண்டேன். பகலிரவுக் கோடு மணிக்கு அரை டிகிரி நகரும், நிலாவின் நடுக்கோட்டில் அது 15 கிலோமீட்டர். எட்டு மணி நேரத் தப்பு என்றால் 120 கிலோமீட்டர், ஒரு பெரிய பள்ளமே காணாமல் போகும். வீட்டில் தாத்தா காலத்துப் படம் ஏதாவது இருந்தால் இன்னொரு கவனம்: 1982 பிறப்பதற்கு முன் தீபகற்ப மலேசியாவில் ஏழரை மணி நேர வித்தியாசம்தான்.

2011-க்குப் பிந்திய படம் என்றால் நாசாவின் 'டயல் ஏ மூன்' பக்கத்தில் நாளும் மணியும் கொடுத்தால் எல்.ஆர்.ஓ. தரவில் இருந்து செய்த நிலா, அதே வெயில், அதே தலையாட்டத்தோடு வந்து நிற்கும். 1960களின் படத்துக்கு அது உதவாது. அதற்கு விர்ச்சுவல் மூன் அட்லஸ் அல்லது எல்.டி.வி.டி. என்ற மென்பொருள் வேண்டும். இரண்டாவதன் முகம் அரதப் பழசு, முதல் நாள் வெறுத்துப்போகும், ஆனால் நிழலை அளந்து மலை உயரம் சொல்வது வரை அது செய்கிற வேலைக்கு நான் இதுவரை மாற்று பார்க்கவில்லை.

எது வடக்கு

அக்கா மகன் முதல் தடவை என் பழைய அட்லஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, நிலாவைத் தலைகீழா ஒட்டியிருக்காங்க" என்றான். தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகக் காட்டும் என்பதால் வானாய்வாளர்கள் வெகுகாலம் தெற்கை மேலே வைத்துத்தான் அச்சிட்டார்கள். அவனைக் கொஞ்ச நாள் கழித்து வெளியே அழைத்துப் போய், நிலா நம் தலைக்கு வடக்கே உச்சி தாண்டும் ஒரு இரவில், வடக்கே பார்த்து நிற்கச் சொன்னேன். பினாங்கு 5.4 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் மாதத்தில் பல நாள் இது நடக்கும். அப்போது வெறும் கண்ணுக்கே நிலாவின் தெற்குதான் மேலே. ஆக அந்த அட்லஸ் நமக்கு நேராகவே இருக்கிறது. நிலா உதிக்கும்போது அதன் வடக்கு நமக்கு இடப்பக்கம் படுத்திருக்கும், மறையும்போது வலப்பக்கம். ஒரே இரவில் எடுத்த இரண்டு படங்களே ஒன்றுக்கொன்று சுழன்று நிற்கும்.

கிழக்கு மேற்கில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. 1961 வரை நிலாவின் கிழக்கு என்றால் நம் வானத்தின் கிழக்குப் பக்கம். அந்த ஆண்டு சர்வதேச வானியல் ஒன்றியம் அதை மாற்றி, நிலாவில் நிற்கும் ஆளுக்கு எது கிழக்கோ அதுவே கிழக்கு என்றது. மாரே கிரிசியம் அதுவரை மேற்கில் இருந்தது, ஒரே நாளில் கிழக்குக்கு வந்துவிட்டது. மாரே ஓரியன்டேல் என்றால் கிழக்குக் கடல் என்று பொருள், இன்றைய வரைபடத்தில் அது மேற்கு விளிம்பில் கிடக்கிறது, பெயரை மட்டும் மாற்றவில்லை. பழைய குறிப்பில் கிழக்கு என்று கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

தலைகீழ்ப் படத்தில் இன்னொரு தொல்லை, பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலே இருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்கிறது. வெயில் எந்தப் பக்கம் என்று படத்தின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல மருந்து இல்லை.

வட்டம் வட்டமாக இருக்காது

பிளேட்டோ என்ற பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 100 கிலோமீட்டர், வடக்கே 51.6 டிகிரியில். பூமியில் இருந்து நாம் அதைச் சாய்வாகப் பார்ப்பதால் வடக்கு தெற்காக நசுங்கி, உயரம் அகலத்தில் 0.62 பங்காகத் தெரியும். சரி, விண்கலப் படம் நேர் மேலே இருந்து எடுத்தது, அதில் வட்டமாகத்தானே இருக்க வேண்டும்? சாதாரண உருளை வரைபடமாக இறக்கிப் பாருங்கள், அங்கேயும் நீள்வட்டம். அந்த வகை வரைபடம் துருவத்தை நோக்கிப் போகப் போகக் கிழக்கு மேற்காக இழுத்துவிடும், பிளேட்டோ இருக்கும் இடத்தில் 1.6 மடங்கு. ஒன்று நெடுக்கில் நசுக்குகிறது, ஒன்று குறுக்கில் இழுக்கிறது, கணக்குப் போட்டால் இரண்டின் வடிவமும் ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டு சாட்சியும் ஒரே பொய்யைச் சொல்வது மாதிரி. "பார், இரண்டிலும் நீள்வட்டம், அப்படியானால் பிளேட்டோ நீள்வட்டம்தான்" என்று நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே குயிக்மேப்பில் வரைபட வகையை முதலில் மாற்றுங்கள். பூமியில் இருந்து பார்ப்பது போன்ற ஆர்த்தோகிராஃபிக் வகையை எடுத்தால் தொலைநோக்கிப் படத்தோடு பொருந்தும், தலையாட்டத்தால் வரும் சில டிகிரி மட்டும் பாக்கி இருக்கும். விளிம்புப் பக்கம் இருக்கும் இடங்களுக்கு மாறாக, தொலைநோக்கிப் படத்தை நேர் மேல்பார்வைக்கு நீட்டுவது நல்லது, எல்.டி.வி.டி. அதைச் செய்யும். மாரே கிரிசியத்தில் செய்து பாருங்கள்: வானத்தில் அது வடக்கு தெற்காக நீண்ட முட்டை, நீட்டிப் பார்த்தால் உண்மையில் கிழக்கு மேற்காகத்தான் நீளம்.

கணினியில் செய்வதற்கு முன்பே இந்த வித்தையைச் சிலர் செய்திருக்கிறார்கள். கைப்பரின் குழு தொலைநோக்கிப் படங்களை ஒரு வெள்ளை உருண்டையின் மேல் வீசி, உருண்டையைப் பக்கவாட்டில் நின்று படம் எடுத்தது. அப்படி நீட்டிய விளிம்புப் படங்களில்தான் ஓரியன்டேலைச் சுற்றி வளையம் வளையமாக மலைகள் இருப்பதைக் குழுவில் இருந்த ஹார்ட்மனும் கைப்பரும் கண்டு 1962-இல் எழுதினார்கள். 1967-இல் லூனார் ஆர்பிட்டர் 4 நேர் மேலே போய் எடுத்தது, வளையங்கள் அப்படியே இருந்தன.

மேலே மேலே வைத்துப் பார்ப்பது

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் போதும், இலவசம். தொலைநோக்கிப் படம் ஒரு லேயர், விண்கலப் படம் மேலே ஒரு லேயர். பொருத்துவதற்கு மலை உச்சியைப் பிடிக்காதீர்கள், வெயில் மாறினால் உச்சி இடம் மாறின மாதிரி தெரியும். சின்னச் சின்னப் பள்ளங்களின் நடுப்புள்ளியைப் பிடியுங்கள், குறைந்தது நான்கு, படத்தின் நான்கு மூலைக்கும் பரவலாக.

அடுத்தது பலர் செய்யாமல் விடுவது. விண்கலப் படத்தைக் கெடுக்க வேண்டும். பிக்சலுக்கு 100 மீட்டர் இருக்கும் படத்தை, 1.3 கிலோமீட்டர் பிரிக்கும் தொலைநோக்கியோடு அப்படியே ஒப்பிடுவது நியாயம் இல்லை. சுமார் 13 பிக்சல் அகலத்துக்கு அதைக் கலங்கடியுங்கள். இப்போது மேல் லேயரை அணைத்து அணைத்துப் போடுங்கள், டக் டக் என்று. பொருந்துகிற இடம் அசையாது, பொருந்தாத இடம் துள்ளும். துள்ளும் இடத்தில் மட்டும் நிறுத்தி யோசித்தால் போதும்.

துள்ளுவது எல்லாமே நிலா இல்லை. அளவுக்கு மீறிக் கூர்மையாக்கிய படத்தில் பள்ளங்களின் விளிம்பு இரட்டையாகும், இருண்ட ஓரங்களில் வெங்காயத் தோல் மாதிரி வளையம் கிளம்பும், விண்கலப் படத்தில் அது இருக்கவே இருக்காது. பழைய கண்ணாடித் தகட்டில் தூசும் கீறலும் உண்டு, அதே இடத்தின் இன்னொரு தகட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். விண்கலத்தின் முழுநிலா ஒட்டுப்படமும் ஒரே நாளில் எடுத்தது அல்ல, பல சுற்றுகளில் எடுத்த பட்டைகளை ஒட்டியது, அதனால் பக்கத்துப் பக்கத்தில் வெயில் மாறும். உயரத் தரவில் இருந்து கணினி போடும் மேடு பள்ளப் படத்தில் பல சமயம் சரிவுக்கு ஏற்ற வெளிச்சம் மட்டும்தான் இருக்கும், தரையில் விழும் நிழல் இருக்காது.

கைப்பழக்கத்துக்கு இரண்டு இடம்

ரூபெஸ் ரெக்டா, நேர்ச்சுவர் என்று சொல்வார்கள். 110 கிலோமீட்டர் நீளம். வளர்பிறை நவமியில் கறுப்புக் கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. சரிவு மேற்கைப் பார்த்து இருப்பதால் காலை வெயில் அதில் விழாது. தேய்பிறை அஷ்டமியில் அதே கோடு வெள்ளையாக மின்னும். தொலைநோக்கியில் பார்த்தவர்கள் அதைச் செங்குத்துச் சுவர் என்றே நினைத்தார்கள். குயிக்மேப்பில் குறுக்காக ஒரு கோடு போட்டு உயர வெட்டுப்படம் எடுத்துப் பாருங்கள், சுமார் 300 மீட்டரை இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்தில் இறங்கும் சரிவு, நடந்தே இறங்கிவிடலாம் போல.

இரண்டாவது லின்னே, மாரே செரெனிடாடிஸ் சமவெளியில். 1866-இல் ஏதென்ஸ் வானாய்வகத்தின் ஜூலியஸ் ஷ்மிட், முன்பு வரைபடங்களில் ஆழமான பள்ளமாக இருந்த லின்னே மறைந்துவிட்டது, வெள்ளைத் திட்டுதான் மிச்சம் என்று அறிவித்தார். நிலாவில் மாற்றம் நடக்கிறதா என்று பெரிய விவாதமே ஓடியது. எல்.ஆர்.ஓ. படத்தில் அது 2.2 கிலோமீட்டர் அகலம் உள்ள, விளிம்பு மழுங்காத இளம் பள்ளம், சுற்றிலும் வெளிறிய மண். 2.2 கிலோமீட்டர் என்றால் 1.2 கோண வினாடி. வளர்பிறை சப்தமி முடிந்து அஷ்டமி பிறக்கும்போது பார்த்தால் நிழலோடு குட்டிக் குழி. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வெறும் வெள்ளைப் பொட்டு, ஷ்மிட் சொன்னது போலவே. இந்த இரண்டையும் உங்கள் கையாலேயே படம் எடுத்து விண்கலப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாலம் அனுப்புகிறவர்களுக்குக் காட்ட வேறொன்றும் தேவைப்படாது.

உண்மையிலேயே நிலா மாறிய சம்பவமும் உண்டு. 2013 மார்ச் 17 அன்று நிலாவின் இருட்டுப் பக்கத்தில் விண்கல் ஒன்று மோதிப் பளிச்சென்று ஒரு வெளிச்சம், நாசாவின் தரைத் தொலைநோக்கி பதிவு செய்தது. பிறகு எல்.ஆர்.ஓ. அந்த இடத்தின் முந்தைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டு, 18 மீட்டர் அகலத்தில் ஒரு புதுப் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. வெளிச்சம் தரைக்குத் தெரிந்தது, பள்ளம் கலத்துக்குத்தான் தெரிந்தது.

நம்ம ஊரில் இருந்து செய்யும்போது

நமக்கு ஒரு கொடுப்பினை. பினாங்கில் நிலா உச்சிக்கு வரும்போது எந்த மாதமும் 55 டிகிரிக்குக் கீழே போவதில்லை, காற்றின் தடிப்புக் குறைவு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தரை மட்டும் இரவு பத்து மணி வரை அனல் விடும், எங்கள் பால்கனியில் அதற்கு முன் எடுத்த எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. புகைமூட்டக் காலத்தில் படம் பழுப்பாகும், ஆனால் காற்று அசையாமல் நின்றால் நுணுக்கம் கெடாது, அதனால் கருவியை மூடிவிட வேண்டாம்.

ஒவ்வொரு ஜோடிப் படத்துக்கும் கீழே நான் எழுதி வைப்பது: உலக நேரம், கோலாஞ்சிடியூட், வெயில் எந்தப் பக்கம், எது வடக்கு, விண்கலப் படத்தின் எண், எவ்வளவு கலங்கடித்தேன். கடைசியில் உள்ளதை எழுதாமல் விட்டுத்தான் போன வருடம் பத்துப் பன்னிரண்டு படங்களை மறுபடி செய்தேன்.

வருகிற ஏகாதசிக்கு ஹார்டென்சியஸ் என்ற பள்ளத்தின் பக்கம் இருக்கும் குவிமாடங்களை எடுப்பதாக அக்கா மகனோடு பேச்சு. சில நூறு மீட்டர் உயரமே உள்ள ஆறு வீக்கங்கள், சூரியன் உதித்த கொஞ்ச நேரம்தான் கண்ணுக்குத் தெரியும். கேமரா அவன் பொறுப்பு, எட்டு மணி கழிப்பது என் பொறுப்பு.